ஐவி செய்த சத்தியம்

1944 மார்ச் 6
ஜப்பான்காரன் உத்தரவுப்படி தோட்டத்துத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி ஊன்றுகிறோம். இன்றும் அதே வேலை.
சாயந்திரம் அடுப்படியில் ஐவி தன் அப்பா சொல்லிக்கொடுத்ததைப் பாடினாள். ஈட் என்றால் சாப்பிடு. முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்தால் ஹீட், சூடு. வேறொன்று சேர்த்தால் மீட், கறி. சீட், உட்காருகிற இடம். இரண்டு எழுத்து சேர்த்தால் வீட், கோதுமை. பின்னால் உள்ள மூன்று எழுத்தும் மாறாதாம். எட்டு வயதுப் பிள்ளை, கிழங்கைத் தின்றுகொண்டு கறி, கோதுமை என்று பாடுகிறது.
ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டுபோன சயாம் ரயில் ரோட்டு வேலையிலிருந்து தப்பி வந்த கந்தன், என் வீட்டுக்காரர் அங்கே செத்துப்போனதைச் சொல்லி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

மார்ச் 9
காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு ஆள் கூடியபோது ஐவி அதையே பாடினாள். ஜப்பான்காரன் திரும்பிப் பார்த்தான். கங்காணி சுப்பிரமணியம் என் பக்கத்தில் வந்து, "இங்கிலீசு பாடுற புள்ளய அடக்கி வைலா. சயாமுக்கு ஆள் ஏத்த லோரி வந்தா ஆயியையும் சேத்துத்தான் ஏத்துவான்" என்றார்.
நானும் போய்விட்டால் அவளுக்கு யார்?

மார்ச் 10
வேதத்தின்மேல் ஐவி கையை வைத்து, அப்பா சொன்ன வார்த்தையை இனி வாயில் எடுக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கினேன். அழாமல் சொன்னாள்.

மார்ச் 12
சத்தியமே பண்ணாதே என்றுதானே அந்த வேதத்தில் இருக்கிறது. அதை வைத்தே வாங்கியிருக்கிறேன் — என்ன பொம்பள நான்.
பக்கத்து வீட்டு வேலாயியிடம் சொன்னேன். "நாங்க சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணுவோம். எங்க சாமி மறந்துரும். ஒங்க சாமி எழுதி வச்சிக்குமே அக்கா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 4
ஐவி மற்றதெல்லாம் பேசுகிறாள். பாட்டு மட்டும் இல்லை. அடுப்படி அமைதியாகக் கிடக்கிறது. அவரை இரண்டாம் தடவை நானே கொன்றேனோ.

1945 செப்டம்பர் 20
ஜப்பான்காரன் போய்விட்டான். வெள்ளைக்காரத் துரை திரும்பி வரப்போகிறாராம். "இனி பயமில்லை, அப்பா பாட்டைப் பாடுடி" என்றேன். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 23
இன்று அவளாகவே வந்து கேட்டாள். "சத்தியத்த மீறுனா பாவம் யாருக்கும்மா?"
"எனக்குத்தான். நான்தானே வாங்குனேன். நீ பாடு."
"அப்ப வேணாம்மா. நீ பரலோகத்துக்குப் போவணும். அப்பா அங்க தனியா இருக்காரு."
கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

செப்டம்பர் 24
பாதிரியார் மலைக்கு வர இன்னும் ஒரு மாதம் ஆகுமாம். பிள்ளையைச் சத்தியத்திலிருந்து விடுவிக்கச் சொல்லி அவரிடம் என்ன முகத்தோடு கேட்பேன்?

செப்டம்பர் 30
சத்தியம் பண்ணினவள் அவள். நான் பண்ணவில்லையே. இன்று சாயந்திரம் நானே சொல்லிப் பார்த்தேன். ஈட், சாப்பிடு. அது சரி. மீட் என்றால் பால் என்றேன். ஐவி இல்லை என்று தலையை ஆட்டி, தன் கைச் சதையைக் கிள்ளிக் காட்டினாள். சீட் என்றதும் பலகையைத் தட்டினாள். ஹீட் என்றால் குளிர் என்றேன். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லவில்லை. மறந்தே போயிருக்கிறது. அவர் எத்தனை தடவை சொன்னார்.
ஐவி இரண்டு உள்ளங்கையையும் அடுப்புக்கு நேரே காட்டினாள். பிறகு என் கன்னத்தில் கொண்டுவந்து வைத்தாள்.