துளசிக்குக் கட்டிய பச்சைத் துணி

வைகாசி, வெள்ளிக்கிழமை.

வெயிலுக்கு வாடக்கூடாது என்று துளசி மாடத்தைச் சுற்றிப் பனியன் கம்பெனிக் கழிவுத் துணியைக் கட்டியது நான்தான். பச்சைச் செடிக்குப் பச்சையே பொருத்தம் என்று தேடி எடுத்தேன். ஒரே மாதத்தில் இலையெல்லாம் வெளுத்துவிட்டது. தீட்டு நாளில் தொட்டிருப்பாள் என்று மருமகள் கவிதாவைத் திட்டினேன். பக்கத்து வீட்டிலும் போய்ச் சொன்னேன்.

கவிதா சயன்ஸ் டீச்சர். இன்று காலை துணியை விலக்கிப் பார்த்தாள்.

"ஏனுங்கத்தை, இந்தத் துணி பச்சை வெளிச்சத்த மட்டுந்தான் உள்ள உடுதுங்க. அதுல பாதிய எல வாங்காமத் தள்ளீருமுங்க. செவப்பும் நீலமுந்தான் அதுக்குச் சோறு."

"அப்ப பட்டினி போட்டது நானா அம்மிணி?"

"நாந் தொடவே இல்லீங்க."

பையை எடுத்துக்கொண்டு ஸ்கூலுக்குப் போய்விட்டாள்.

துணியை அவிழ்த்தேன். துளசியம்மாவை விழுந்து கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அது சுலபமாக இருந்தது. நாளெல்லாம் பேசுகிற எனக்கு, சாயங்காலம் வந்தவளிடம் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் மூன்று தடவை கேட்டேன். பக்கத்து வீட்டிலும் நானே போய்ச் சொல்ல வேண்டும்.

சமையலறையில் அவள் இன்னும் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறாள். இப்போதே அவளிடம் போகிறேன்.