பின்வாசல் அடுப்பும் உன் அத்தானின் தண்ணீர்க் குழாயும்

என் தங்கத் தம்பி முருகேசா,

அங்கேயும் பசியோடுதான் உட்கார்ந்திருப்பாய். ஊருக்கெல்லாம் பீட்சா சுட்டுக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பழைய சோறு இருக்கா என்று கேட்கிற ஆள்தானே நீ. உனக்கு மலையாளத்தில் எழுதினால் எனக்குச் சுலபம். மட்டாஞ்சேரிப் பள்ளிக்கூடத்தில் நாம் ரெண்டு பேரும் படித்தது அதுதான். ஆனால் உன்னைக் கொஞ்சவும் திட்டவும் எனக்குத் தமிழ்தான் வருகிறது. எழுத்துப் பிழை இருந்தால் சிரிக்காதே.

முதலில் நல்ல செய்தி. உன் அடுப்பு எழுந்து நின்றுவிட்டது.

பின்வாசலில் இடுப்பளவுக்குக் கல் கட்டி வைத்துவிட்டு, போன மழைக்காலத்தில் நீ பாட்டுக்குப் போய்விட்டாய். ஃபோர்ட் கொச்சி ஹோட்டலில் விறகு அடுப்பில் சுடுகிற கைக்கு நம் வீட்டுத் தோசைக்கல் பிடிக்கவில்லை. மூடி போட்டுச் சுட்டுக் கொடுத்துவிட்டு, "அக்கா, இது பீட்சா இல்ல, சீஸ் போட்ட ஊத்தப்பம்" என்று நீயே முகத்தைச் சுளிப்பாய். நீ போன பிறகு அந்தக் கல் மேடையில் நான் துணிக் கூடையை வைத்தேன், பக்கத்து வீட்டுப் பூனை தூங்கியது. உன் பெண்டாட்டி ஜெயா மட்டும் அந்தப் பக்கமே போகமாட்டாள்.

அவள் எங்களோடுதான் இருந்தாள். எர்ணாகுளத்தில் துணிக்கடை வேலைக்குப் போவாள், இருட்டியபின் வருவாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். போடியிலிருந்து உன் மாமனார் போன் செய்து, சித்திரை முடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். அவளும் "சரிப்பா" என்றுவிட்டாள். அது சம்மதமா, அலுப்பா, எனக்குத் தெரியவில்லை.

இரு என்று சொல்ல நான் யார்? போ என்று சொல்லவும் வாய் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன் முருகேசா, எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவும் அப்பாவும் கண்ணை மூடி, நீயும் அவர்கள் பின்னாலேயே போய், அவளும் கிளம்பிவிட்டால், உன் பேச்சை எடுத்துச் சண்டை போட இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ஒரு நாள் காலையில் உன் அத்தான் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது ஜெயா வந்து நின்றாள். "அண்ணே, நான் ஊருக்குப் போறதுக்குள்ள அந்த அடுப்ப முடிச்சிருவமா?" என்றாள்.

உன் அத்தானுக்கு இது போதாதா? வைப்பின் முதல் எர்ணாகுளம் வரை வீடு கட்டிய கொத்தனார் அல்லவா! களமசேரியில் பழைய உலையைப் பிரித்த இடத்தில் தளத்துக்குச் செங்கல் பிடித்தார். ஆலுவா பக்கமிருந்து களிமண் வந்தது. நீ சொல்லிவைத்திருந்ததை ஜெயா ஒவ்வொன்றாகச் சொல்ல நாங்கள் செய்தோம். ஈர மணலைக் குவித்து, அதன்மேல் நனைத்த பேப்பரை ஒட்டி, அதற்குமேல் களிமண்ணை அப்பவேண்டும். காய்ந்ததும் வாய் வெட்டி மணலைத் தோண்டி எடுக்கவேண்டும்.

பக்கத்து வீட்டு லீலா சேச்சி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "செல்வி, இதெந்தா, பட்டிக்கூடோ?" நாய்க்கூண்டா என்று கேட்கிறாள்! உன் அத்தான் விடுவாரா? "அல்ல சேச்சி, ஜெயாவுக்குக் கொட்டாரம்" என்றார். அரண்மனையாம்.

அந்த அரண்மனை என்ன ஆயிற்று தெரியுமா?

வீடு கட்டுகிற கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். பூசினால் நனைக்கணும், நனைத்தால்தான் இறுகும். உன் அத்தான் அடுப்பின்மேல் ஈரச்சாக்கைப் போர்த்தி, வேலைக்குப் போகும் முன்னால் குழாயைப் பிடித்து ஒரு குளியல், வந்தபின் ஒரு குளியல் என்று ஊற்றிக்கொண்டே இருந்தார். சிமெண்டுக்கு அது சரி. இது களிமண் என்று அவர் மண்டையில் ஏறவில்லை. கொத்தனார் பெண்டாட்டியான என் மண்டையிலும் ஏறவில்லை. அவருக்கு நேரமாகிவிட்ட அன்று நானே ஒரு வாளி ஊற்றினேன்! ஜெயாவோ சாக்கைப் பார்த்து, வெயிலுக்கு மூடியிருக்கிறோம் என்று நினைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் சாக்கை விலக்கினாள். மொத்த மண்ணும் கேப்பைக்களி மாதிரி சரிந்து அவள் காலில் வந்து விழுந்தது.

"அண்ணே, இதுக்குத் தண்ணியா ஊத்துனீக?"

"பின்னே? நனைக்கண்டே?" நனைக்கவேண்டாமா என்று கேட்கிறார் உன் அத்தான், அத்தனை நியாயமாக.

ஜெயா அவரைப் பார்த்தாள், மண்ணைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் முருகேசா. அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நடுவில் அது அழுகையாயிற்று, அப்புறம் மறுபடி சிரிப்பாயிற்று. நீ போனபிறகு அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. அடுப்பாவது மண்ணாவது என்று உள்ளே ஓடிப்போய் நானும் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

அதே மண்ணை மிதித்துக் குழைத்து அவளே மறுபடி கட்டினாள். இந்தத் தடவை அத்தானுக்கு மணல் சுமக்கிற வேலை மட்டும்தான். மண் ஓரளவு காய்ந்து மணலை எடுத்தபின், சாயங்காலந்தோறும் உள்ளே மரச் சிராத்தூளும் தேங்காய்ச் சிரட்டையும் போட்டுச் சின்னத் தீ மூட்டினாள். தீ பக்கத்திலேயே உட்கார்ந்து எங்களிடம் பேசவும் ஆரம்பித்தாள். நீ ஹோட்டலில் செய்த கூத்தெல்லாம் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

சித்திரை முடிந்தது. உன் மாமனார் வந்துவிட்டார். மறுநாள் கிளம்பவேண்டும் என்றபோதுதான், அப்பாவுக்கு ஒன்று சுட்டுக் கொடுக்கிறேன் என்று ஜெயா மாவு பிசைந்தாள். அதை உள்ளே தள்ளுவதற்கு அத்தான் பிளைவுட் துண்டில் கைப்பிடி அடித்துக் கொடுத்தார். முதல் பீட்சா பலகையில் ஒட்டிக்கொண்டு, உள்ளே போகும்போதே மடங்கிக் கரியாயிற்று. இரண்டாவதற்கு அடியில் மாவைத் தாராளமாகத் தூவினாள். சின்ன வெங்காயமும் பொரித்த கொழுவாவும் மேலே. ஹோட்டலில் பாட்டிலில் வருகிற வெளிநாட்டு மீனைவிட இந்த நெத்திலிதான் ருசி என்று நீ சாதிப்பாயே, நிஜம்தானடா.

உன் மாமனார் ஒரு துண்டைத் தின்றார். இன்னொரு துண்டும் எடுத்தார். "நல்லாத்தேன் இருக்கு" என்றார். பிறகு, "காலையில வெள்ளன கெளம்பணும். பையை எடுத்து வச்சிட்டியா தாயீ?" என்று கேட்டார்.

கையில் இருந்த துண்டை நான் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஜெயா தலைநிமிராமல் சாம்பலைத் தள்ளிக்கொண்டே சொன்னாள்: "அடுப்பு உள்ளுக்குள்ள இன்னும் காயலப்பா. மழைக்கு முன்னாடி மேல தகரம் போடணும். நான் வந்துட்டேன்னா அண்ணன் தண்ணி ஊத்திருவாரு."

அவர் உன் அத்தானைத் திரும்பிப் பார்த்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டார், கல்யாணப் பெண் தோற்றுப்போவாள். உன் மாமனார் எழுந்து போய் அடுப்பின் வாய்க்குள் குனிந்து பார்த்தார். "அப்பச் சரி. நல்லாக் காயட்டும். காஞ்சதும் சொல்லு, வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். காலையில் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

இப்போது மழை தகரத்தில் கொட்டுகிறது. கீழே அடுப்பு கணகணவென்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் லீலா சேச்சி மதில் வழியாகவே தட்டை நீட்டிவிடுகிறாள், பட்டிக்கூடு என்று சொன்ன அதே வாய். ஜெயாவின் கையில் மாவு இப்போது வட்டமாக வருகிறது. உன் அளவுக்கு வருமா? நீ வந்து பார்த்துச் சொல்லமாட்டாயா?

அடுப்பு எப்போதோ காய்ந்துவிட்டது முருகேசா. தட்டினால் பானை மாதிரிச் சத்தம் கேட்கிறது. ஜெயாவுக்கும் அது தெரியும். போடியிலிருந்து போன் வரும்போதெல்லாம், "இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்குப்பா" என்கிறாள். நான் அடுக்களையில் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

ஒரு நாள், காய்ந்துவிட்டது என்று அவளே சொல்லக்கூடும். அன்றைக்கு நான் தடுக்கமாட்டேன், வயிறார ஒன்று சுடச்சொல்லி நானே பஸ் ஏற்றிவிடுவேன். அதுவரை அவள் அடுப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவிடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

குழாயை உன் அத்தான் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கும்,
உன் அக்கா செல்வி