ராயப்பனின் மூச்சு

அக்டோபர் 4, 2025

ராயப்பன் இன்று சுவரில் ஏறவில்லை. பாதி தாவி, இறங்கி, என்னைப் பார்த்தான். வெயில் என்று நினைத்தேன். ஆனால் நிழலில் படுத்தும் வயிறு வேகமாக ஏறி இறங்குகிறது. பூனைக்குப் புனிதர் பெயரை வைத்த பாவம் என்கிறாள் என் மனைவி மரிய புஷ்பம்.

அக்டோபர் 7

ஆண்டிமடத்தில் பஸ் ஏறி, அரியலூர் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். கூடையைத் துண்டால் மூடி மடியில் வைத்திருந்தேன். பக்கத்து இருக்கை அம்மாள், "கோழிங்களா வாத்தியாரே?" என்றாள். "ஆமாங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? கொஞ்ச தூரத்தில் கோழி மியாவ் என்றது.

"இது எந்த ஊருக் கோழிங்க?"

பஸ்ஸே சிரித்தது.

டாக்டர் லாவண்யா நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். திருச்சியில் ஸ்கேன் எடுக்க வேண்டுமாம்.

அக்டோபர் 10

ஸ்கேன் ஆயிற்று. இதயத் தசை தடித்துவிட்டது. உள்ளே ரத்தம் நிறைய இடமில்லை, நுரையீரலில் நீர் சேர்கிறது. குணமாகாது, மாத்திரையால் ஓட்டலாம். எவ்வளவு காலம்? கேட்கத் தைரியம் வரவில்லை.

"தூங்கும்போது மூச்ச எண்ணுங்க சார். நிமிஷத்துக்கு முப்பதத் தாண்டுனா உடனே கூப்பிடுங்க" என்றார் லாவண்யா.

அக்டோபர் 13

ஜெபமாலை மாதம். மாலையில் நாங்கள் ஜெபிக்கும்போதுதான் அவன் நன்றாகத் தூங்குகிறான். ஒரு மூச்சுக்கு ஒரு ஜெபமாலை மணி என்று நகர்த்தினேன். நிமிஷத்துக்கு இருபத்தாறு. புஷ்பத்தின் ஜெபத்துக்கு நான் பதில் ஜெபம் சொல்லவேண்டிய இடத்தில் வாய் திறக்கவில்லை.

"மாதாவுக்கா, பூனைக்கா?" என்றாள் புஷ்பம்.

இரண்டு பேருக்கும் என்று சொல்லியிருக்கலாம்.

அக்டோபர் 16

மாத்திரையைத் துப்பிக்கொண்டே இருந்தான். இன்று நெத்திலிக் கருவாட்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். விழுங்கிவிட்டான்! என் மூளையைப் பற்றி அபூர்வமாக ஒரு நல்ல எண்ணம்.

அக்டோபர் 19

முப்பத்திரண்டு. வெடிச் சத்தத்தில் பயந்திருப்பான். பண்டிகை நேரத்தில் டாக்டரை எப்படித் தொந்தரவு செய்வது?

அக்டோபர் 20

காலையில் வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். எண்ணவே முடியவில்லை. நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன் — தீபாவளி அன்றைக்கா அந்தப் பெண்ணை... புஷ்பம் போனைப் பிடுங்கினாள்.

"மாத்திர தவறாமத்தான் குடுக்கிறாரு டாக்டரம்மா. கருவாட்டுல வெச்சு—"

"கருவாடா? அவ்வளவும் உப்பாச்சேம்மா! உப்பு உள்ள போனா நீர் கோத்துக்கும். உடனே தூக்கிட்டு வாங்க."

உப்பு. ஆயுசு முழுக்க வேதியியல் சொல்லிக்குடுத்தவன் நான். எனக்குத் தெரியாதா உப்பு? சே, படிச்சவனா நான்?

அரியலூர் வரை ஆட்டோவில் புஷ்பம்தான் கூடையை மடியில் வைத்திருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஊசி போட்டு நீரை இறக்கினார்கள்.

அக்டோபர் 23

வீட்டுக்கு வந்துவிட்டான். குழம்புக்கு உப்புப் போடுமுன் ஒரு துண்டு மீனைத் தனியே எடுத்து ஆறவைத்தாள் புஷ்பம். நான் எட்டிப் பார்த்தேன்.

"உங்களுக்கில்ல. போங்க அந்தாண்ட."

நவம்பர் 6

மாத்திரை வாங்கப் போய்த் திரும்பப் பொழுது சாய்ந்துவிட்டது. ஜெபமாலை மாதம் முடிந்தும் புஷ்பம் மாலையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் புடவை முனையில் தலைவைத்து ராயப்பன் தூங்கிக்கொண்டிருந்தான்.

செருப்பைக் கழற்றியபடியே, "டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னா—" என்று ஆரம்பித்தேன்.

"உஸ்... பேசாதீங்க. பத்தொம்பது."

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அடுத்த மணியை நகர்த்தினாள்.