கத்தரி படாத முடி

அண்ணி,

வீடு முழுக்கச் சந்தன வாசனை. கூடத்து ஃபேன் காற்றில் அது சமையல்கட்டு வரைக்கும் வந்து நிற்கிறது. ஏதோ விசேஷம் என்று நினைத்துவிடாதீர்கள். நான் பெற்றவள், உங்கள் மருமகள் கயல் கட்டிலில் கால் மேல் கால் போட்டுப் படுத்திருக்கிறாள். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் காய்ந்து தலையணை உறையில் உதிர்கிறது. அவளோ கையில் போனை வைத்துக்கொண்டு சுருட்டை முடிப் படங்களாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்குத் திங்கட்கிழமை. எட்டாம் வகுப்புக்கு இந்தத் தலையோடுதான் போகப்போகிறாள்.

உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்? இத்தனைக்கும் காரணமே நீங்கள்தானே.

அவள் முடி உங்களுக்கு நினைவிருக்கும். உங்களுக்கு இல்லாமல் யாருக்கு இருக்கும்? பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி. தினமும் காலையில் செந்துறை பஸ் வருவதற்குள் அவளை முழங்காலுக்கு நடுவில் உட்காரவைத்து, எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, வலது பக்கம் ஓர வகிடு எடுத்துப் பின்னிவிடுவீர்கள். "எல்லாப் புள்ளைங்களும் நடு வகிடு எடுத்துட்டு வருதுங்க அத்தை" என்று அவள் சிணுங்கினால், "அது ஒனக்கு எடுப்பா இருக்காது" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவீர்கள். உங்கள் தலை அந்த நேர் முடிக்கு நேர்மாறு, ஒரே சுருட்டை. எந்தச் சீப்பும் அதில் ஒரு மாதம் உயிரோடு இருந்ததில்லை. "இந்தத் தேங்கா நாரை எவளாச்சும் கேட்டான்னா சும்மாவே அறுத்துக் குடுத்துடுவேன் புள்ள" என்று ஒடிந்த சீப்பை என்னிடம் நீட்டிச் சிரிப்பீர்கள்.

அதே தேங்காய் நாருக்குத்தான் இப்போது பெரம்பலூர் பார்லரில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள் அண்ணி.

போன மாதம் ஒருநாள் கயல் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மா, நான் பெர்ம் பண்ணிக்கவா?" என்று கேட்டாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ புதுப் பரீட்சை போலிருக்கிறது என்று நினைத்து, "பண்ணிக்கயேன்" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் போனில் படத்தைக் காட்டினாள். சின்னக் குச்சிகளில் முடியைச் சுற்றி, மருந்து ஊற்றி, ஊறவைத்து, நேரான முடியைச் சுருட்டையாக்குவதாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நம் காலத்தில் சுருட்டையை நேராக்க அலைந்தார்கள், இவள் நேரானதைச் சுருட்டையாக்கக் கேட்கிறாள். அவள் அப்பா, உங்கள் தம்பி, "எங்கக்கா தலையில இருந்ததுக்கா இவ்ளோ பாடு?" என்று சிரித்தார். சிரித்த கையோடு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். உங்கள் பேச்சு வந்தால் இன்னமும் அப்படித்தான்.

நான் முடியாது என்றேன். அரியலூரில் மெடிக்கல் ஷாப்பில் நிற்கிறவளுக்குத் தெரியாதா? கண்டதைத் தலையில் தேய்த்துவிட்டு மண்டையெல்லாம் கொப்புளத்தோடு களிம்பு கேட்டு வருகிறவர்களை எத்தனை பேர் பார்த்திருக்கிறேன். பதிமூன்று வயசுக்கு இதெல்லாம் என்ன அவசரம்? அவள் அழவில்லை, சாப்பாட்டை ஒதுக்கவில்லை. தினமும் பஸ் ஏறும்போது ஒரு கேள்வி மட்டும் போட்டுவிட்டுப் போவாள். ஒருநாள், "தல என்னுதுதானே?" என்றாள். அவசரத்தில் நானும், "ஒன்னுதுதான், யாரு இல்லேன்னா?" என்றேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். சரி, விசாரித்துவிட்டாவது வருவோம் என்று போன ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் பார்லருக்குக் கூட்டிப்போனேன். அந்த மருந்தின் நாற்றம் வாசலிலேயே குமட்டியது. இந்த நாற்றத்திலேயே ஓடிவந்துவிடுவாள் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை.

அவள் எங்கே ஓடினாள்? ராணி மாதிரி நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பார்லர்க்காரப் பெண் பின்னலை அவிழ்த்துவிட்டு அசந்துபோனாள். நல்ல பெண். பொய் சொல்லத் தெரியவில்லை.

"முடி அருமையா இருக்குக்கா. ஆனா நுனியெல்லாம் ரொம்பப் பழசு, மருந்து தாங்காது, பொட்டுப் பொட்டுன்னு ஒடிஞ்சிடும். தோள் வரைக்கும் வெட்டிட்டுத்தான் பண்ண முடியும். அதுவும் பாப்பாவுக்கு வயசு கம்மி. மொதல்ல காதுக்குப் பின்னாடி ஒரு சொட்டு வச்சுப் பாத்துட்டு, ஒத்துக்கிச்சுன்னா இன்னொரு நாள் பண்ணலாம்."

"இப்ப வெட்டிடுங்கக்கா" என்றாள் கயல்.

அந்தப் பெண் கத்தரியை எடுத்து முடியைக் கையில் அள்ளியதுதான் தெரியும். "ஐயோ, வேணாம்! அது சாமி முடி!" என்று நான் போட்ட கூச்சலில் முகத்தில் பசை பூசிப் படுத்திருந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். கயல் கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

"என்னம்மா சொல்ற?"

"அத்தை நேர்ந்துக்கிச்சு. நீ பொறந்தப்ப, நீ பொழைக்கணும்னு. குலசாமிக்கு மொட்ட போடுறதா."

"அப்ப இது என் முடி இல்லியா?"

ஒரு வாரம் முன்னால்தானே தலை உன்னுடையது என்று சொல்லியிருந்தேன்.

அவளுக்கு இதை யாருமே சொன்னதில்லை அண்ணி. உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது என்றால் அப்போதுதான். நேர்ந்துகொண்டதும் நீங்கள், தள்ளிப்போட்டதும் நீங்கள். ஒற்றைப்படை வயதில்தான் முடி இறக்க வேண்டும் என்பார்கள். ஒரு வயதில், "புள்ள இன்னும் எடையே ஏறல" என்றீர்கள். மூன்று வயதில் பங்காளி வீட்டுச் சாவு, தீட்டு. ஐந்தில் கோயிலில் திருப்பணி நடந்தது. ஏழில் ஒரு காரணமும் இல்லை. நான் கேட்டதற்கு, "அடுத்த தடவ பாத்துக்கலாம் போ" என்று சீப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். அவளுக்கு ஒன்பது வயது முடிவதற்குள் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் அரியலூருக்குள் நுழைவதற்குள் எல்லாம் முடிந்துபோனது. அதற்கப்புறம் அந்த வேண்டுதலைப் பற்றிப் பேசினால் உங்களைப் பற்றிப் பேச வேண்டிவரும் என்று வீட்டில் யாருமே வாயைத் திறக்கவில்லை.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கயல் பின்னலை முன்னால் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். நின்றுகொண்டு வருகிறவர்கள் கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்த பையைப் போல அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நான் மொட்ட போட்டுக்கிறேன்."

நான் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் தம்பிக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறிவிட்டது. செய்தி எப்படித்தான் போனதோ, மறுநாளே உங்கள் சித்தப்பா உடையார்பாளையத்திலிருந்து வந்து இறங்கிவிட்டார்.

"வயசுக்கு வந்த புள்ளைக்கு மொட்டையா? நாலு பேரு என்ன சொல்லுவான்? பூமுடி குடுத்தாப் போதும்மா. நுனியில மூணு கொத்து நறுக்கி சாமி காலடியில வச்சுட்டு வாங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

எனக்கும் அப்பாடா என்றிருந்தது. பெரியவரே வழி சொல்லிவிட்டார். கயல் விடவில்லை.

"அத்தை மூணு கொத்துன்னா நேர்ந்துச்சு தாத்தா? முழுசாத்தானே சொல்லிச்சு? மூணு கொத்து குடுத்துட்டு நான் பெர்ம் பண்ணுவேன். அடுத்த மாசம் எனக்குச் சளி புடிச்சாக்கூட சாமி குத்தம்னுதான் சொல்லுவீங்க. பரீட்சையில மார்க் கொறஞ்சாலும் அதான். எனக்கு இந்த வம்பே வேணாம். முழுசாக் குடுத்துடுறேன். அப்புறம் வளர்றது என்னுது. அதுல யாரும் பேசக் கூடாது."

உங்கள் சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உங்கள் தம்பியைப் பார்த்து, "அப்படியே ஒங்கக்காதான்டா இவ" என்று சொல்லிவிட்டுச் சாயந்திர பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். முடிவு என் தலையில் விழுந்தது.

எனக்குப் பயம் அண்ணி. சாமிக்குப் பயந்ததைவிடப் பள்ளிக்கூடத்துக்குத்தான் அதிகம் பயந்தேன். ஒரு பரு வந்தாலே பேர் வைத்துக் கூப்பிடும் வயதுப் பிள்ளைகள் நடுவில் மொட்டைத் தலையோடு ஒரு பெண் எப்படி உட்காருவாள்? அவளுக்குத் தலை வாரிவிடும்போது, "கோவத்துல சொல்றியாடி?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் கோவம்தான்" என்றாள். அப்புறம், "அத்தை நான் பொழைக்கணும்னுதானே கேட்டுச்சு? நான் பொழச்சுட்டேன்ல? அப்ப குடுக்கணும்ல" என்றாள்.

சரி என்றேன்.

இன்றைக்குக் காலையில்தான் குலசாமி கோயிலுக்குப் போனோம். முடி இறக்குகிறவர் அவளைப் பார்த்ததும், "பாப்பாவுக்குப் பூமுடிதானேம்மா?" என்று சின்னக் கத்தரியை எடுத்தார். "மொட்டைண்ணே" என்றாள் கயல். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பெட்டியைத் திறந்து புது பிளேடு எடுத்து மாட்டினார். உங்கள் தம்பி செருப்பைத் தேடுகிற சாக்கில் புளியமரத்துப் பக்கம் போய்விட்டார்.

முதல் இழுப்பில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்புறம் திறந்தேன். முடி அவள் மடியில் விழுந்துகொண்டே இருந்தது. அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, குனிந்தபடி சமத்துப் பிள்ளையாக உட்கார்ந்திருந்தாள். இடது காதுக்கு மேலே வந்ததும் அவர் கை நின்றது.

"இங்க ஒரு தழும்பு இருக்கும்மா. சின்ன வயசுல அடி பட்டுச்சா?"

கிட்டே போய்ப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவுக்கு, வெளுத்து, முடியே முளைக்காத ஒரு இடம். சத்தியமாகச் சொல்கிறேன், அது அங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில், ஏழாம் மாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். உங்கள் தோளைப் பிடித்துக்கொண்டு நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். "கையில நரம்பு கெடைக்கலயாம் புள்ள, தலையில குத்தியிருக்காங்க" என்றீர்கள். காதுக்கு மேலே முடியை வழித்துவிட்டு ஊசி, அதன் மேல் பிளாஸ்திரி. அவ்வளவு சின்ன உடம்பில் பார்க்கும்படியாக இருந்தது கருகருவென்ற முடி ஒன்றுதான். நீங்கள் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற ஆளிடம் சண்டை பிடிப்பதுபோலச் சொன்னீர்கள்: "முடிய எடுத்துக்க சாமி. தலைய விட்டுடு."

அந்த ஊசி இருந்த இடம்தான் அண்ணி அது. அவளை வீட்டுக்குக் கொண்டுவந்த கையோடு நான் கடை வேலைக்குத் திரும்பிவிட்டேன். குளிப்பாட்டியது, எண்ணெய் தேய்த்தது, பின்னியது எல்லாம் நீங்கள். நீங்கள் போன பிறகு பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் நான் மேலோடு வாரிவிடுவேன். முடி அதுவாகவே நீங்கள் பழக்கிய பக்கம் விழுந்துகொள்ளும். ஒரு நாள்கூட என் விரலுக்கு அது தட்டுப்படவில்லை. உங்கள் விரலுக்குத் தட்டுப்படாமல் இருந்திருக்குமா? அதனால்தான் ஓர வகிடா? எடை ஏறவில்லை, திருப்பணி நடக்கிறது, அடுத்த தடவை பார்க்கலாம் என்றதெல்லாம் இதை நான் பார்க்கக் கூடாது என்றுதானா? அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டும்போதெல்லாம் நான் பஸ்ஸில் முகத்தைத் திருப்பிக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீங்கள். கோயில் தரையிலேயே, ஈர முடிக்கு நடுவில் உட்கார்ந்து நான் சத்தம் போட்டு அழுதேன்.

"என்னம்மா இருக்கு அங்க?" என்று கயல் பயந்துவிட்டாள். அவள் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். முடி இறக்குகிறவர் பிளேடைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கயல் வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. எடுத்த பிறகு சொன்னது இதுதான்:

"அப்ப பெர்ம் பண்றப்ப இந்த எடத்துல மருந்து படாமப் பாத்துக்கச் சொல்லணும்."

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். மனசை மாற்றிக்கொள்வாள் என்று நீங்களும் எதிர்பார்த்திருந்தால், உங்கள் மருமகள் அப்படிப்பட்டவள் இல்லை. வளரட்டும், காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு நானே கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இனி அந்தத் தலையில் ஒடிகிற சீப்புக்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு.

இதோ, "அம்மா, சந்தனம் அரிக்குது" என்று கூப்பிடுகிறாள். ஈரத் துணியோடு போகிறேன். இன்றைக்கு மத்தியானமும் ஒருமுறை துடைத்துவிட்டேன். உள்ளங்கையைத் தலை மேல் வைத்தால் சூடாக, சொரசொரவென்று இருக்கிறது. கட்டைவிரல் தானாகப் போய் அந்தத் தழும்பில் நிற்கிறது.

சாமி முடியை எடுத்துக்கொண்டது, அண்ணி. தலையை விட்டுவிட்டது. என் கையில்தான் இருக்கிறது.