மாதா படத்தடியில் பிஸ்கட் டின்

3-2-97, திங்கள்
ஆஸ்பத்திரி மாத்திரையை ஒருவேளை விடாமல் விழுங்கியும் வயிற்றுப் புண் ஆறவில்லையாம். மறுபடியும் வாய்வழியாகக் குழாய் விட்டார்கள். துணுக்குச் சதை கிள்ளி, கிருமி வளர்த்துப் பார்க்கும் லேபுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் என் பேத்தி பெர்னடெட் வேலை பார்க்கிறாள். நர்சிடம் சொன்னேன். "அப்படியா ஆன்டி" என்றாள். இன்னும் கொஞ்சம் வாயைப் பிளந்திருக்கலாம்.

15-2-97, சனி
பெர்னடெட் போட்டோ கொண்டுவந்தாள். ஒரு வட்டத் தட்டு. அதில் என் வயிற்றுக் கிருமி. நடுநடுவே மருந்தில் தோய்த்த காகிதப் பொட்டுகள். மற்றப் பொட்டுகளைச் சுற்றிக் கிருமி செத்து வெறுமையாக இருக்கிறது. ஒன்றை மட்டும் ஒட்டி உரசிக்கொண்டு வளர்ந்திருக்கிறது.

"ஆஸ்பத்திரியில குடுத்த இந்த மருந்து அதுக்குப் பழகிப் போச்சு பாட்டி. முன்னாடியே சாப்டிருக்கீங்களா?"

"நான் என்ன மருந்துக்கடையா வச்சிருக்கேன்?"

புண்ணைப் பெரிதாக்கும் ஜீன் ஒன்றும் இதற்குள் இருக்கிறதாம். எல்லாக் கிருமிக்கும் கிடையாதாம். அதனால்தான் மருந்துக்கு அடங்கவில்லையா என்றேன். அது வேற, இது வேற என்றாள். ஒரே கிருமிதானே, எப்படி வேறு? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் வயிற்றில் இருப்பது மேலே படித்திருக்கிறது.

16-2-97
பக்கத்து வீட்டு சீதாலெட்சுமியிடம் சொன்னேன்: "சாதாரணக் கிருமி இல்லலா. போட்டோவே பிடிச்சு வச்சிருக்காங்க."

"வயித்து வலியிலயும் பெருமையா அக்கா?"

18-2-97, செவ்வாய்
மகன் கிரிகரிக்கு வயிற்றுப்போக்கு. மாதா படத்தடியில் இருக்கும் பிஸ்கட் டின்னை எடுத்தேன். கிளினிக்கில் யாருக்கு மருந்து கொடுத்தாலும், சுகமானதும் மிச்சம் அதற்குள்தான் போகும். பேதியா, ஈறு வீக்கமா, இரண்டு மாத்திரை. எனக்கும் அப்படித்தான். தெருவுக்கே அப்படித்தான்.

உறையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஆஸ்பத்திரி உறையிலும் அதே பெயர்.

நானா பழக்கினேன்? இரண்டு இரண்டாகப் போட்டு? கொல்லத்தானே போட்டேன் — அது எப்படிப் பழகும்? மாதா படத்தடியில் இருந்த மருந்து கெடுதல் செய்யுமா?

கிரிகரிக்குக் கொடுக்கவில்லை. கஞ்சி வைத்தேன்.

19-2-97
பெர்னடெட்டுக்குப் போன் போட்டேன். டின் விஷயத்தைச் சொன்னேன். "திட்ட மாட்டேன் பாட்டி. வேற மருந்து மாத்தச் சொல்றேன். டின்னை மட்டும் காலி பண்ணுங்க."

2-3-97
புது மாத்திரை. வாயெல்லாம் கசப்பு.

21-5-97, புதன்
புண் ஆறிவிட்டது. லேபில் ஒன்றுமே வளரவில்லையாம், தட்டு வெறுமை. சந்தோஷம்தான். போட்டோவும் கிடையாதா என்று கேட்டேன். பெர்னடெட் சிரிக்கிறாள்.

சாயங்காலம் சீதாலெட்சுமி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, அந்த டின்லேர்ந்து ரெண்டு குடுங்க."

திறந்து காட்டினேன். உள்ளே மெழுகுவர்த்திகள்.

"சேலைய மாத்திட்டு வா. கிளினிக்குக்கு நானும் வரேன்."

வழியெல்லாம் ஏன் ஏன் என்றாள். தட்டையும் பொட்டையும் சொன்னேன். எனக்கே பாதிதான் விளங்கியிருக்கிறது. அவள் முழுக்கத் தலையாட்டினாள்.