ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

சங்கரா மீன் குழம்பு அடுப்பிலிருந்து இறங்கி இரண்டு மணி நேரம் ஆகிறது. யாரும் தட்டெடுத்து உட்காரவில்லை. வீடு முழுக்கப் புளியும் பூண்டும் மணக்கிறது. இந்த வாசனை வந்தால் கொல்லையில் கால் கழுவிக்கொண்டே, "குட்டிக்கு நடுத்துண்டா எடுத்து வை" என்று குரல் கொடுப்பீர்கள். அந்தக் குரல் ஞாபகத்துக்கு வந்துதான் எழுத உட்கார்ந்தேன். திண்டிவனம் தாலுகா ஆபீஸ் வாசலில் ஊரார் குறையையெல்லாம் மனுவாக எழுதித் தருகிறவள் நான். என் குறையை எழுத இன்றைக்குத்தான் வேளை வந்தது. கடைசிவரை உங்களை 'நீங்க' என்றே கூப்பிட்டேன். இப்படிச் செய்துவிட்டுப் போனவருக்கு மரியாதை ஒரு கேடா என்று தோன்றுகிறது. பழக்கம் விடவில்லை.

முந்தாநாள் உங்கள் மகளை விழுப்புரத்துக்கு, டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஏடிஹெச்டி என்று பேர் சொல்லி, இது அடங்காப்பிடாரித்தனம் இல்லை, கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்று நமக்குப் புரியவைத்தாரே, அவரேதான். எடை பார்த்தார். போன வருடத்தைவிட ஒன்றரைக் கிலோ குறைவு. "மாத்திரை பசியை அடைக்குது. ஸ்கூல் லீவுதானே, மே மாசம் முழுக்க நிறுத்திப் பார்க்கலாம். நல்லா சாப்பிடட்டும், ஜூன்ல திரும்ப வாங்க" என்றார். பத்து வயசுப் பிள்ளை துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "வாணாம் டாக்டர், நான் டெய்லி போட்டுக்கறேன்" என்றாள். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவர்க் காலண்டரைப் பார்த்தேன்.

லீவு என்ற பேச்சை முதலில் எடுத்தவர் நீங்கள்தான். மாத்திரை போட்ட நாளெல்லாம் அவள் சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதை உங்களால் பார்க்க முடியவில்லை. டாக்டரம்மாவிடமே கேட்டீர்கள். "மோட்டாரே நாள் பூரா ஓடினா காயில் எரிஞ்சி பூடும். இவ இன்னா மோட்டாராம்மா?" அவர் சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் விட்டுப் பாருங்கள், அதற்கு மேல் நீங்களாகக் கூட்டிக் குறைக்காதீர்கள் என்றார். உங்கள் காதில் முதல் பாதிதான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை லீவு ஆடிக் கூழுக்கு லீவு ஆயிற்று, மயிலம் தேருக்கு லீவு ஆயிற்று, மழைக்குப் பள்ளிக்கூடம் மூடினாலும் லீவு ஆயிற்று. வீட்டில் மீனோ கறியோ கொதித்தால் மாத்திரை கிடையாது என்பது நம் வீட்டுச் சட்டம் ஆகிவிட்டது.

அந்த நாட்களில் அவள் நாலு துண்டு மீன் தின்பாள். இரண்டாம் தரம் சோறு கேட்பாள். எதிரில் உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தபடி, அவள் ஒரே மூச்சில் சொல்லும் ஒன்பது கதைக்கும் 'உம்' போடுவீர்கள். அப்புறம் நீங்கள் மல்லாட்டைக் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவீர்கள். அவள் கன்றை அவிழ்த்துவிட்டதும், நான் எழுதி வைத்த மனுக்களை அண்டாத் தண்ணீரில் மிதக்கவிட்டதும் என் தலையில்தான் விடியும். ஒருநாள் தாங்காமல், எனக்கு மாத்திரை போட்ட பிள்ளையே போதும் என்றேன். "உனக்குப் புள்ள வாணாம்டி, பொம்ம வேணும்" என்றீர்கள். பொய் என்று சொல்ல முடியவில்லை. அதனால்தான் அன்றைக்கு அவ்வளவு கத்தினேன்.

ஐப்பசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை. பக்கத்துத் தெருவில் வளைகாப்பு, நான் போயிருந்தேன். என் போன் வீட்டில் சார்ஜரில் மாட்டிக் கிடந்தது. சாப்பிட்டுப் படுத்த உங்களுக்கு வேர்த்திருக்கிறது, இடது தோள் இழுத்திருக்கிறது. வாயுப் பிடிப்பு என்றுதானே நினைத்தீர்கள்? எதிர்வீட்டுக்காரரை ஒரு சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. "அம்மாவ ஜல்தியா கூப்ட்டுக்கினு வா" என்று அவளை அனுப்பினீர்கள். தெருமுனையில் கால்வாய்க்காக ஜேசிபி பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. அவள் நின்றுவிட்டாள். அந்த இரும்புக் கை மண்ணை அள்ளுவதையும் கொட்டுவதையும் பார்த்துக்கொண்டே முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறாள். ஞாபகம் வந்து ஓடிவந்து என்னை இழுத்துக்கொண்டு போனபோது நீங்கள் கட்டிலுக்குக் கீழே கிடந்தீர்கள்.

உங்களை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். ஊர்ப் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். அவள் என் புடவையைப் பிடித்தாள். நான் கையைத் தட்டிவிட்டுச் சொன்னேன்: "இன்னிக்கி மாத்திர போட்டிருந்தா ஓடியாந்திருப்படி. உங்கப்பன் உசுரோட இருந்திருப்பான்." அத்தனை பேரும் கேட்டார்கள். யாரும் என் வாயை அடைக்கவில்லை. துக்கத்தில் சொல்லிவிட்டேன் என்று இதுநாள்வரை என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். துக்கமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. யாரையாவது குத்த வேண்டியிருந்தது. கைக்கு எட்டியவள் அவள்.

மறுநாள் காலை, நான் எழுவதற்கு முன்பே அவளே மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து ஞாயிறும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் மிஸ் கூப்பிட்டுப் புகழ்ந்தார், "உங்க பொண்ணு இப்ப எவ்ளோ மாறிட்டா!" நானும் பல்லைக் காட்டினேன். யூனிபாரம் தோளிலிருந்து நழுவுகிறது. ஊக்கு குத்தி அனுப்புகிறேன்.

இதற்குள் உங்கள் யோக்கியதையும் வெளியே வந்தது. தை மாதம் பம்புசெட்டுக் கொட்டகையைச் சுத்தம் செய்யப் போனேன். பியூஸ் பெட்டிக்கு மேலே ஒரு பழைய பவுடர் டப்பா. திறந்தால் நீங்கள் தினமும் போட வேண்டிய பிரஷர் மாத்திரை, முப்பதுக்கு மேல். பக்கத்து நிலத்துக்காரரைக் கேட்டேன். "அவுரு சொல்லிக்கினே இருப்பாரும்மா, எம் பொண்ணுக்கு லீவுன்னா எனக்கும் லீவுதான்னு. நான் கூட சிரிச்சேன்" என்றார். அட்டையில் எத்தனை காலி என்று எண்ணிப் பார்க்கிறவள் நான் என்று தெரிந்து, மாத்திரையை உடைத்து எடுத்து, வாயில் போடாமல் டப்பாவில் போட்டிருக்கிறீர்கள். பிள்ளைக்குத் துணை போகிறாராம். அவளுக்கு டாக்டர் கொடுத்த லீவு. உங்களுக்கு யார் கொடுத்தது?

டப்பா கிடைத்த அன்றைக்கே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் ஊரே கேட்க நான் சொன்னது வீண்பழி என்று ஆகிவிடும். மூன்று மாதம் டப்பாவை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு, அவள் இளைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு மடையர் என்றால் நான் அதற்கும் மேலே.

இன்று காலை மீன் வாங்கினேன். மாத்திரை அட்டையை எடுத்து உள்ளே வைத்தேன். அவள் வந்து நின்றாள்.

"எங்கம்மா மாத்திர?"

"டாக்டரம்மா சொன்னாங்கள்ல, இன்னியிலேர்ந்து லீவு."

"எனக்கு லீவு வாணாம்."

"ஏண்டி?"

"உனக்கு நெஞ்சு வலிச்சி, ஆள கூப்ட்டுக்கினு வான்னு சொன்னா நான் வழியில நின்னுடுவேன்."

குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தேன். டப்பாவைக் கொண்டுவந்து அவள் முன்னால் கொட்டினேன். "இத பாரு. உங்கப்பா பிரஷர் மாத்திர. உனக்கு லீவு வுட்ட நாள்ல எல்லாம் அவுரும் போட்டுக்காம இதுல போட்டு வெச்சிக்கினு இருந்திருக்காரு. அதான் நெஞ்சு வலி வந்துது. உன்னால இல்ல. நான் சொன்னது தப்பு, பாப்பா." தப்பு என்ற சொல் என் வாயிலிருந்து வந்து நீங்கள் கேட்டதே இல்லை.

அழுவாள், என்னை அடிப்பாள், குறைந்தது ஒரு வாய் சாப்பிடுவாள் என்று நினைத்தேன். மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தரையில் வரிசையாக வைத்தாள். பார்த்துக்கொண்டே கேட்டாள்: "நான் லீவு எடுக்கலன்னா அப்பாவும் எடுத்திருக்க மாட்டாரு, இல்லம்மா?"

ஊருக்கே வாயாடி என்று பேர் வாங்கியவள் நான். 'இல்லை' என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் ஒரு நொடி யோசித்தேன். அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நொடி அவளுக்குப் போதும். நீங்கள் எனக்கு விட்டுப்போன எல்லாவற்றையும்விட அதுதான் இன்று கனக்கிறது. அப்புறம் இல்லடி, இல்லடி என்று பத்துத் தடவை சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். உள்ளே போய் அட்டையைத் தேடியெடுத்து, மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.