சொல்லாமல் வரைந்த கோடு

ஜூன் 4
மாடி வீட்டுப் பெண் வந்தாள். வலது கையில் மாவுக்கட்டு. வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஏணியிலிருந்து விழுந்திருக்கிறாள். அடுத்த மாதம் அவளுக்குக் கண் பரிசோதனை உதவியாளர் தேர்வு. தேறினால்தான் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவாராம்.
"நீங்க பிசிக்ஸ் படிச்சவங்கதானேக்கா? பரீட்சையில நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதணும், வரையணும். அவ்வளவுதான்."
காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிற என்னை இப்படி ஒருத்தி நினைவு வைத்திருக்கிறாளே. சரி என்றுவிட்டேன்.

ஜூன் 9
குழிலென்ஸ் படம்தான் அவளுக்கு வேப்பங்காய்.
"கோடு நேரா வந்து லென்ஸ்ல படுது. அப்புறம் வெளிப்பக்கமா விரியுது."
இடப்பக்கக் குவியப் புள்ளியில் அளவுகோலை வைத்து இழுத்தேன். பின்னால் புள்ளிக்கோடும் போட்டேன். மையத்தின் வழியே இன்னொரு கதிர். பொருளின் பக்கமே சின்னதாக, நிமிர்ந்து நின்றது பிம்பம்.
"அட, இவ்வளவுதானா!" என்றாள்.

ஜூன் 17
தினமும் மாலையில் பயிற்சி. அவள் பாதி சொல்வதற்குள் என் கை முடித்துவிடுகிறது. என் வீட்டுக்காரர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "பரீட்சை அவளுக்கா, உனக்கா?" சிரித்தோம்.

ஜூலை 2
எப்படி எழுதுவது இதை.
தேர்வறைக் கண்காணிப்பாளர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "அவங்க சொன்னதை மட்டும் வரையணும்மா. கேள்வி கேக்கக் கூடாது, தலையாட்டக் கூடாது."
குழிலென்ஸ் வந்தது. "லென்ஸ்ல படுது. வெளிப்பக்கமா விரியுது," என்றாள்.
பென்சில் நின்றுவிட்டது. வெளிப்பக்கம் — எந்தச் சாய்வில்? அளவுகோலை எங்கே வைப்பது? அவள் சொல்லவில்லை. எப்போதுமே சொன்னதில்லை. ஐயோ, ஒரு தடவைகூட நான் சொல்ல விட்டதில்லையே.
"வரைங்கக்கா."
கண்காணிப்பாளர் தோளருகே நின்றார். எனக்குத் தெரிந்த கோட்டைப் போட்டால் அது அவள் கோடா? ஏதோ ஒரு சாய்வில் இழுத்தேன். பின்னால் நீட்டச் சொன்னாள், நீட்டினேன். குவியத்தைத் தொடாமல் எங்கோ போயிற்று.
"வீட்ல போட்டப்ப வந்துச்சே! தானா வந்துச்சேக்கா!"
"வேற பேச்சு பேசக் கூடாது," என்றார் கண்காணிப்பாளர்.
அழிக்கச் சொன்னாள். மறுபடி வரைந்து, மறுபடி அழித்து, தாள் நைந்துவிட்டது. அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் கண்ணாலேயே சொல்லிவிடுவேனோ என்று பயம். நேர்மையா அது, கோழைத்தனமா? என்ன ஜென்மம் நான்.

ஜூலை 5
மாடிப்படியில் காலடி கேட்டால் சமையலறைக்குள் போய்விடுகிறேன்.

ஆகஸ்ட் 11
தேறவில்லை. படங்கள்தான் காலை வாரிவிட்டன. அவள் இடத்தில் வேறொருத்தி. இவளைப் பின்கட்டில் கண்ணாடி துடைக்க உட்கார்த்திவிட்டார்களாம். "உங்க மேல தப்பில்லக்கா," என்றாள். திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 6
கட்டுப் பிரித்தும் அவள் விரல்கள் மடங்கவில்லை. மறுதேர்வுக்கும் ஆள் வேண்டும். நானே மேலே போய்க் கேட்டேன். "இந்தத் தடவை கையைக் கட்டிக்கிட்டு இருக்கேன். வரட்டுமா?"
கதவைப் பிடித்தபடி நின்றாள். "கோவிச்சுக்காதீங்கக்கா. தையல்காரம்மா வர்றேன்னுட்டாங்க. அவங்களுக்கு லென்ஸ்னா என்னன்னே தெரியாது."
உள்ளேயிருந்து குரல்: "ஏம்மா, துணின்னா வெட்டிருவேன். இந்தக் கோட்டை எங்கேர்ந்து எங்க இழுக்கிறது?"
இவள் திரும்பினாள். "இந்தப் பக்கக் குவியத்துல ஸ்கேல வைங்க. லென்ஸ்ல கோடு பட்ட இடத்தோட சேருங்க. அந்தப் பக்கம் முழுக்கோடு, இந்தப் பக்கம் புள்ளிக்கோடு."
ஒன்றும் விட்டுப்போகவில்லை. நான் இறங்கி வந்துவிட்டேன்.